மாட்டுக்குப் போட்ட ஊசியில் வளர்ந்த மரங்கள்

"காட்டு விலங்குக்கு நோய் வருவது இயற்கை. அதை ஆராய வரிப்பணம் எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் இருக்கிறது.

வெக்கை நோயை நம் கிராமத்துப் பெரியவர்கள் அறிவார்கள். தொழுவங்களைக் காலி செய்த வைரஸ் நோய் அது. 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் நுழைந்து, பத்தே ஆண்டுகளில் தென்கோடியை எட்டியது. மாடுகளோடு வில்டபீஸ்ட் இரலைகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிறகும் அது விடவில்லை. தாய்ப்பால் தந்த எதிர்ப்பாற்றல் தீர்ந்ததும் இளங்கன்றுகள் மடிந்துகொண்டே இருந்தன.

1950களில் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். காட்டு விலங்குகளுக்கு யாரும் ஊசி போடவில்லை. ஆனாலும் 1960களில் அவற்றையும் நோய் விட்டுப்போனது. ஊற்றுக்கண் மாடுகளிடம்தான் இருந்திருக்கிறது! சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள் 1970களின் முடிவுக்குள் பத்து லட்சத்தைத் தாண்டின.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்குப் பிறகுதான். மேய ஆளில்லாத புல் வறண்ட காலத்தில் காய்ந்து விறகாகிவிடும், ஆண்டுதோறும் தீ. அந்தத் தீயில் வேலங்கன்று முழுதாகச் சாவதில்லை. தண்டு கருகும், வேர் பிழைக்கும். மழை விழுந்ததும் துளிர்க்கும், அடுத்த தீயில் மறுபடி கருகும். இப்படியே பல ஆண்டுகள் புல்லின் உயரத்திலேயே சிறைப்பட்டுக் கிடக்கும். தீநாக்கு எட்டாத உயரத்துக்கு அதன் தலை போய்விட்டால் விடுதலை. அதற்குச் சில ஆண்டுகள் தொடர்ந்து தீ இல்லாமல் இருக்க வேண்டும். லட்சக்கணக்கான வாய்கள் புல்லை ஒட்ட மேய்ந்தபோது அந்த அவகாசம் வாய்த்தது. கன்றுகள் மரங்களாயின. யானையா, மழையா, தீயா என்று காரணங்களை ஒப்பிட்டுப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வு, தீ குறைந்ததே முக்கியக் காரணம் என்றது. கரியமில வாயுவை வெளியிட்டுவந்த நிலம் அதை உறிஞ்சும் நிலமாக மாறியது என்றும் கணக்கிட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுக் கணக்கெடுப்பு தேவைப்பட்டது. நம் நாட்டிலோ ஓர் ஆய்வுத் திட்டத்துக்குப் பொதுவாக மூன்றாண்டுக்குத்தான் நிதி. ஒரு வேலங்கன்று தீயைத் தாண்டுவதற்குள் திட்டம் முடிந்து, அறிக்கையும் அலமாரிக்குப் போய்விடும். 'மனிதருக்குப் பரவுமா?' என்ற கேள்வியோடு கோப்பை மூடிவிடும் வழக்கமும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. வெக்கை நோய் மனிதருக்குப் பரவாதது.

அந்த நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் இருக்கிறது. 2017இல் மங்கோலியாவில் சைகா மான்களை ஆயிரக்கணக்கில் கொன்றது அதுதான். 2030க்குள் அதையும் ஒழிப்பதாக உலகத் திட்டம். ஆடுகளுக்கான ஊசிச் செலவில் ஒரு சிறு பங்கையாவது சைகாக்களையும் அவை மேயும் புல்லையும் ஆண்டுதோறும் அளக்க ஒதுக்கலாம். நோய் ஒழிந்தபின் அளக்கத் தொடங்கினால், ஒப்பிட முந்தைய கணக்கு இருக்காது.