நடுக்கம் திரும்பினால் முதலில் ரிமோட்டை எடுங்கள்

பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய்க்காக மூளையில் கம்பி வைத்து, நெஞ்சில் பதித்த கருவியிலிருந்து அதற்கு மின்துடிப்பு அனுப்பும் டிபிஎஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அந்தக் கருவியின் ரிமோட்டை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள்.

அண்மையில் தங்கச்சிமடத்தில் ஒரு பெரியவர். நாலு வருஷமாகக் கடைத்தெருவுக்கு நடந்து போய்வந்தவர், மூன்று நாளாகக் கட்டிலோடு கிடந்தார். "நோய் முத்திருச்சு சார், இனி என்ன செய்ய" என்றார் மகன். ரிமோட்டைக் கேட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரியோடு பாலித்தீன் பையில் இருந்தது. உள்ளே செல் கசிந்து பச்சை பூத்திருந்தது. புது செல் போட்டதும் தெரிந்துவிட்டது: நெஞ்சில் பதித்த கருவியின் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட்டாக இந்தக் கரையோர ஊர்களில் இதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். ஆபரேஷனோடு நோய் போய்விட்டது என்று நம்புகிறவர்கள்தான், நடுக்கம் திரும்பியதும் நோய் முத்திவிட்டது என்று கைவிடுகிறார்கள். இரண்டும் தவறு. டிபிஎஸ் பார்க்கின்சனைக் குணமாக்குவதில்லை. மின்துடிப்பு போகிறவரை நடுக்கத்தையும் இறுக்கத்தையும் மந்தத்தையும் அடக்கி வைக்கிறது. துடிப்பு நின்றால் நடுக்கம் சில நிமிடங்களிலேயே வந்துவிடும், மற்றவை சில மணி நேரத்தில். பேச்சு குழறுவதும் நடை தள்ளாடுவதும் வருஷக்கணக்கில் கூடினால் அது நோயின் போக்கு. நேற்று நடந்தவர் இன்று எழ முடியவில்லை என்றால் காரணம் வேறு. பேட்டரி தீர்ந்திருக்கலாம், கருவி அணைந்திருக்கலாம், கீழே விழுந்ததில் கழுத்து வழியாகப் போகும் ஒயர் முறிந்திருக்கலாம். சிறுநீர்த் தொற்றோ, வாந்திக்குப் போட்ட மெட்டோகுளோபிரமைடு ஊசியோகூட இப்படிச் செய்யும்.

சார்ஜ் போடாத வகைப் பேட்டரி பெரும்பாலும் 3 முதல் 5 வருஷம் வரும். வாரம் ஒருமுறை ரிமோட்டில் பாருங்கள். மாற்றச் சொல்லிக் காட்டினால், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். உடம்பு கட்டையாக இறுகி, காய்ச்சல் வந்து, விழுங்கவும் முடியவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே கிளம்புங்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர் என்பதை மனதில் வையுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். சார்ஜ் போடும் வகையாக இருந்தால், ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்ததும் போனுக்கு முன்னால் அப்பாவின் கருவிக்குச் சார்ஜ் போடுங்கள்.

சக பிசியோக்களுக்கு ஒரு வார்த்தை. இவர்களுக்கு டயத்தர்மி, அதாவது மெஷினால் உள்ளே சூடேற்றும் வலி சிகிச்சை, உடம்பில் எந்த இடத்திலும் கூடாது. அதன் ஆற்றல் கம்பி வழியாகப் போய் மூளைத் திசுவையே கருக்கிவிடும். தோள்வலி என்று வருகிறவரிடம் ஆபரேஷன் விவரம் கேளுங்கள், காரை எலும்புக்குக் கீழே தடவிப் பாருங்கள், அப்புறம் மெஷினைத் தொடுங்கள்.