நாணயவியலா, காசியலா?

காசுகளை ஆராயும் துறைக்கு ஆங்கிலத்தில் நியூமிஸ்மாட்டிக்ஸ் என்று பெயர். அதைத் தமிழில் நாணயவியல் என்பதா, காசியல் என்பதா? ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. நோமோஸ் என்றால் வழக்கம், சட்டம். அதில் பிறந்த நோமிஸ்மா, வழக்கில் ஒப்புக்கொள்ளப்பட்டுச் செலாவணியில் இருக்கும் காசைக் குறித்தது. காசின் மதிப்பு இயற்கையாக அமைவதில்லை, நோமோஸால் அமைகிறது என்று அரிஸ்டாட்டிலே இந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். இலத்தீன், பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது.

தமிழில் நாணயவியல் என்கிறோம். பழைய காசு சேர்க்கும் பொழுதுபோக்குக்கும் இதே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். சேர்ப்பது வேறு, படிப்பது வேறு. உலோகம், எடை, அச்சு, எழுத்து, சின்னம், கிடைத்த இடம் இவற்றை வைத்து ஒரு காசை யார் வெளியிட்டார், எப்போது, எதுவரை செல்லுபடியானது என்று நிறுவுவதுதான் நாணயவியல்.

இதற்கு ஜோகல்தம்பிப் புதையலைவிட நல்ல பாடம் இல்லை. 1906இல் நாசிக் பக்கம் அந்த ஊரில் 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவை மேற்கிந்தியாவை ஆண்ட க்ஷகராத குல மன்னன் நகபானன் வெளியிட்டவை. அவற்றில் 9,000க்கும் மேற்பட்டவற்றின் மீது சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சதகர்ணி தன் அச்சை மறுபடி அடித்திருக்கிறான். அப்படி ஒரு காசைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மூன்று வளைவு மலைச் சின்னத்தின் அடியில் நகபானனின் மூக்கும் கன்னமும், ஓரத்தில் அரைகுறையாகக் கிரேக்க எழுத்துகளும் தெரியும். மகன் க்ஷகராத குலத்தை வேரறுத்தான் என்று அவன் தாய் கௌதமி பாலஸ்ரீ நாசிக் குகைக் கல்வெட்டில் சொல்கிறாள். தாய் பாடும் புகழ் என்று அதை ஒதுக்கிவிடலாம். இத்தனை ஆயிரம் காசுகளை ஒதுக்க முடியாது.

காசு தவறாக வழிகாட்டும் இடமும் உண்டு. கோவை வட்டாரத்தில் கிடைக்கும் ரோமப் பேரரசன் திபேரியஸின் வெள்ளிக்காசு அவன் ஆண்ட கி.பி. 14–37க்குள் அடிக்கப்பட்டது, இங்கே புதைந்தது அப்போதுதான் என்று சொல்ல முடியாது. நீரோ கி.பி. 64 வாக்கில் காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்த பிறகு, பழைய நல்ல காசுகளுக்கே வணிகர்களிடம் மதிப்பு; அதனால் அவை பிறகும் புழக்கத்தில் இருந்தன. ஆகவே ஒரு மண்ணடுக்கில் கிடைத்த காசு, அந்த அடுக்கு அதற்கு முந்தியதல்ல என்று மட்டுமே சொல்லும்.

கையில் ஒரு பழங்காசு கிடைத்தால் முதலில் செய்யக்கூடாதது புளி போட்டுத் தேய்ப்பது. பித்தளைப் பாத்திரத்துக்கு அது சரி. செப்புக்காசில் பச்சையும் பழுப்புமாகப் படிந்த மேற்பூச்சு போனால் மெல்லிய எழுத்தும் கூடவே போய்விடும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுத்து, விட்டத்தை அளந்து, அளவுகோல் அருகில் வைத்துத் தலைப்பக்கம், பூப்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் உள்ளே குளோரைடு அரிக்கிறது என்று பொருள். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதுவும் அரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஊர், எந்த வயல், எவ்வளவு ஆழம் என்று எழுதி வையுங்கள். கிடைத்த இடம் தெரியாத காசு பாதி ஊமை. மண்ணில் புதைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். நாணயம், நாணகம் என்ற வடசொல்லின் வழி வந்தது. நேர்மை என்ற பொருளையும் தமிழில் சேர்த்துக்கொண்டது. 'நா நயம்' என்று பிரிப்பது மேடைக்கு அழகு, சொல்லாராய்ச்சிக்கு உதவாது. காசு அதைவிடப் பழையது. குறுந்தொகை 67இல் பொற்கொல்லன் நூலில் கோக்கும் பொன்மணிதான் காசு. சோழர் கல்வெட்டுகளில் அது ஈழக்காசு, அன்றாடு நற்காசு என்று பணமாகிவிடுகிறது. சிறு செப்புக்காசைக் குறித்த ஆங்கிலக் 'கேஷ்', போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தக் காசிலிருந்தே போனது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டி என்ற பொருளுடைய வேறு சொல்லிலிருந்து வந்தது.

காசியல் என்பது சுருக்கமான நல்ல சொல், தாராளமாக எழுதலாம். நாணயவியல் நன்கு ஊன்றிவிட்டதால் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. காசின் மாற்றை, அதாவது உலோகத் தரத்தை, பார்ப்பவருக்குச் சங்ககாலத்திலேயே வண்ணக்கன் என்று பெயர் இருந்தது. சங்கப் புலவர் வடம வண்ணக்கன் தாமோதரனார் பெயரில் அது இன்றும் நிற்கிறது.