புது கிளட்ச் போட்டும் உதறுகிறதா?

கிளட்சை மெதுவாக விடும்போது கார் கிடுகிடுவென்று உதறும். வண்டி கொஞ்சம் உருண்டதும் உதறல் தானாக அடங்கிவிடும். ரிவர்ஸில் இன்னும் மோசம். பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் "கிளட்ச் பிளேட் போயிடுச்சு" என்று தீர்ப்பையும் எழுதிக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள்.

என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம் ஃபிளைவீல். அதோடு அழுந்திப் பிடித்து என்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது கிளட்ச் பிளேட். தேய்ந்த பிளேட் வழுக்கும். என்ஜின் இரையும், வண்டி இழுக்காது. உதறல் வேறு. அதில் பிளேட் பிடிக்கிறது, நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது, நொடிக்குப் பல தடவை. ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜினும் கியர்பாக்ஸும் அதோடு சேர்ந்து ஆடி அதைப் பெரிதாக்கிவிடும். அதனால் கோளாறு கிளட்சுக்கு வெளியிலும் இருக்கலாம்.

1960களின் கார் ஒன்று இப்படித்தான் வந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை பிளேட் மாற்றியாகிவிட்டது. பானட்டைத் திறந்து வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, உதவியாளரைக் கிளட்சை லேசாக விடச் சொன்னேன். (அப்போது வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.) என்ஜின் ஒரு பக்கம் எழும்பி விழுந்தது. கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் ஆயிலில் ஊறி, கையால் பிய்த்தாலே வந்துவிட்டது. அதை மாற்றி, பின் அச்சை ஸ்பிரிங்கோடு கட்டிப்பிடிக்கும் யு-போல்ட்டுகளை முறுக்கியதும் சரி. கியர்பாக்ஸை இறக்கவே இல்லை.

ஆகவே முதலில் மவுண்டிங், என்ஜின் ஆடாமல் பிடிக்கும் ஸ்டே ராட், பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (மூட்டு), பெடலிலிருந்து போகும் கிளட்ச் கேபிள் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு சிலிண்டர் அடிக்காமல் ஓடும் என்ஜினும் கிளட்ச் மேல் பழி போட வைக்கும். பலர் கவனிக்காதது எர்த் பட்டை, அதாவது என்ஜினிலிருந்து பாடிக்குக் கரண்ட் திரும்பும் பட்டை. ரப்பர் மேல் நிற்கும் என்ஜினுக்கு அது அறுந்துபோனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகப் பாயப் பார்க்கும். கேபிள் சூடேறிக் கெட்டு, விட்டுவிட்டு நகரும். பெடலை எவ்வளவு பதமாக விட்டாலும் வண்டி உதறத்தான் செய்யும்.

வெளியில் எல்லாம் சரியாக இருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) உள்ளே இருக்கும் தூசியை ஏர் வைத்து ஊதாதீர்கள். பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. தூசியை நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டிவிடுங்கள். எங்கள் தொழிலில் இதைச் சொன்னால் இன்னமும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

உள்ளே முதல் சந்தேகம் ஆயில் மேல்தான். அந்தக் கால என்ஜின்கள் பலவற்றில் கிராங்கின் (என்ஜினின் சுழலும் முக்கியத் தண்டு) பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரை அல்லது கயிறு சீல்தான் இருக்கும். கொஞ்சம் கசிவது இயல்பு. அது வெளியேறத்தான் சில வண்டிகளில் பெல் ஹவுசிங் அடியில் ஓட்டை விட்டு, அடைக்காமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின்னையும் (இரட்டைக் கால் கம்பி ஊசி) தொங்கவிட்டிருப்பார்கள். ஒழுகுகிறதே என்று யாராவது அதை அடைத்துவைத்தால் ஆயில் உள்ளேயே தேங்கிப் பிளேட்டுக்குப் போகும். ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது வீண் வேலை. சூடேறினால் ஆயில் மறுபடி கசிந்து வரும். கசிவை நிறுத்தி, புதுப் பிளேட் போடுங்கள்.

அடுத்தது ஃபிளைவீல். நீலத் திட்டுகள் இருந்தால் அந்த இடம் சூட்டில் இறுகியிருக்கும். லேத் டூல் அதன்மேல் வழுக்கிப்போகும், கிரைண்டிங்தான் சரி. ஃபிளைவீல் கோணலாகச் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் (நுண்ணிய அளவுமானி) வைத்துச் சுற்றிப் பார்க்கும்போது கிராங்கை ஒரே பக்கமாக அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அளவு பொய் சொல்லும். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் நான் விடமாட்டேன். பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டில் மூன்று ஃபிங்கர் (விடுவிக்கும் நெம்புகோல்) இருந்தால், மூன்றும் ஒரே உயரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளேட்டை ஒரு பக்கம் முதலில் கடிக்கும்.

புதுக் கிளட்ச் உதறுவதற்குப் பொருத்தும் கையும் ஒரு காரணம். பிரஷர் பிளேட்டைத் தாங்கும் கவரின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்காமல் ஒன்றை முழுதாக முறுக்கினால் கவர் கோணிவிடும். கியர்பாக்ஸைச் செருகும்போது அதன் எடையை ஒரு நிமிடம் பிளேட்டின் ஹப் (நடுக்குடம்) மேல் தொங்கவிட்டாலே போதும், புதுப் பிளேட் வளைந்துவிடும். அடியில் ஜாக் கொடுத்து, மட்டம் பார்த்துத் தள்ளுங்கள்.

அப்புறம், மாட்டிய முதல் நாளே லேசாக உதறினால் பதற வேண்டாம். லைனிங் படிய நேரம் எடுக்கும். சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், பாரம் இழுக்காதீர்கள். வெகுநாள் நின்றிருந்த காரும் இப்படித்தான், ஃபிளைவீலில் படிந்த லேசான துரு ஓட்ட ஓட்டப் போய்விடும். அதற்குப் பிறகும் உதறினால் கொண்டு வாருங்கள், மவுண்டிங்கிலிருந்து ஆரம்பிப்போம்.