கேட்சை மட்டும் பார்த்து ரிசீவரை எடை போடாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் வரும், அது நெருங்கினால் போதும், தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரிடமிருந்தும் எனக்கு வீடியோ வர ஆரம்பித்துவிடும். மூன்று நிமிடம் ஓடும், பின்னால் பாட்டு இருக்கும், ஒரு கல்லூரிப் பையன் ஒற்றைக் கையால் பந்தைப் பிடிப்பான், இரண்டு பேரைத் தாண்டி ஓடுவான், கீழே "இவன் முதல் சுற்றில் போவானா?" என்று ஒரு கேள்வி. கல்லூரி வைட் ரிசீவர்களின், அதாவது வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர்களின், ஃபிலிமை (ஆட்டப் பதிவை) பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை என்பதால் கேட்கிறார்கள். அந்த வீடியோவை வைத்துக்கொண்டு என்னால் எதுவும் சொல்ல முடியாது. ஒரு ஆட்டத்தில் கல்லூரி அணி ஏறக்குறைய எழுபது ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு முயற்சி) ஆடுகிறது, அதில் நல்ல ரிசீவருக்கே எட்டுப் பத்து முறைதான் பந்து வரும். மீதி அறுபதில் அவன் என்ன செய்தான் என்பதுதான் எனக்கு வேண்டும், அது அந்த வீடியோவில் இருக்கவே இருக்காது.

டிவியில் முழு ஆட்டத்தைப் பார்த்தாலும் இதே சிக்கல்தான். ஸ்னாப் ஆனதும் கேமரா பந்தை வீசும் குவாட்டர்பேக்கையே பிடித்துக்கொண்டிருக்கும், ரிசீவர் திரைக்கு வெளியே போய்விடுவார், பந்து காற்றில் வந்த பிறகுதான் மறுபடி கண்ணில் படுவார். அதாவது அவருடைய வேலையில் முக்கால்வாசி முடிந்த பிறகு. அதனால்தான் நாங்கள் ஆல்-22 ஃபிலிமில் உட்காருகிறோம்: உயரத்திலிருந்து 22 பேரும் தெரியும்படி எடுத்தது, பார்க்கச் சப்பென்று இருக்கும், ஆனால் எல்லாம் தெரியும்.

முதலில் நான் பார்ப்பது பிரெஸ். ரிசீவரைத் தடுக்கும் எதிரணியின் கார்னர்பேக் ஒரு யார்டு தூரத்தில் மூஞ்சிக்கு நேராக நின்று, நெஞ்சில் கை வைத்துத் தடுக்கத் தயாராக இருக்கும்போது பையன் எப்படிக் கிளம்புகிறான்? பலவீனமானவன் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி ஆடிவிட்டு, கடைசியில் பக்கவாட்டில் நழுவி ஓரக்கோட்டை ஒட்டிப் போய்விடுவான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குவாட்டர்பேக்கின் கையை விட்டுப் பந்து போக வேண்டிய இரண்டரை மூன்று நொடியில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. தேறியவன் ஒரே ஒரு ஏமாற்று அடி வைப்பான், கார்னரின் கையைத் தட்டிக் கீழே இறக்குவான், தோளை ஒருக்களித்து உள்ளே நுழைவான், முக்கியமாக, தான் ஓட வேண்டிய கோட்டுக்கே திரும்பி வந்துவிடுவான். தாண்டிய பிறகு கார்னருக்கு நேர் முன்னால் போய் அவனை முதுகுக்குப் பின்னால் அடைத்துவிட வேண்டும், இதை ஸ்டாக் என்போம். இருபது வயதில் இதைச் சரியாகச் செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அடுத்தது பிரேக், அதாவது ரூட்டில் (ரிசீவர் ஓட வேண்டிய பாதையில்) திரும்பும் இடம். பன்னிரண்டு யார்டு ஓடி உள்ளே வெட்டும் டிக் ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போகிறோம் என்று தெரிந்ததும் பல பையன்கள் இரண்டு யார்டு முன்பே நிமிர்ந்து, குட்டிக் குட்டி அடியாக வைக்கத் தொடங்குவார்கள். கார்னருக்கு அது போதும், சேர்ந்தே நின்றுவிடுவான். நல்லவன் கடைசி நொடி வரை நேராக எண்ட் ஸோனுக்கே (டச்டவுன் கிடைக்கும் மைதானக் கடைசிப் பகுதிக்கே) ஓடுகிற மாதிரியே ஓடி, நெஞ்சு முழங்காலுக்கு மேலேயே இருக்க, இடுப்பை இறக்கி, இரண்டே அடியில் நின்று திரும்புவான். பந்து அவனுக்கு வந்ததா இல்லையா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை, வராவிட்டாலும் அந்த ரூட்டுக்கு என் தாளில் மதிப்பெண் உண்டு.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் அணைத்துப் பிடிக்கிறானா, உடம்பை விட்டுத் தள்ளிக் கையாலேயே பிடிக்கிறானா என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். நான் இன்னொன்றும் பார்ப்பேன்: ஆழமாக வீசிய பந்துக்கு எப்போது கையைத் தூக்குகிறான்? கார்னர் பந்தைப் பார்க்காமல் ரிசீவரின் கண்ணையும் கையையும் பார்த்தபடிதான் ஓடுகிறான். பந்து விழுவதற்கு வெகு முன்பே கையை நீட்டினால் "இதோ வருகிறது" என்று அவனிடம் சொன்ன மாதிரி. கடைசி நொடி வரை கையைக் கீழேயே வைத்திருக்கிற பையனைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும்.

சரி, 40 யார்டு ஓட்டத்துக்கு வருவோம். டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் வீரர்களைச் சோதிக்கும் கம்பைனில் ஹெல்மெட், உடல் காப்புப் பேட் எதுவும் இல்லாமல், எதிரில் ஆளே இல்லாமல் ஓடும் ஓட்டம் அது. 2017 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ் 4.22 நொடியில் ஓடி அப்போதைய சாதனையை முறியடித்தார், சின்சினாட்டி 9 ஆவது தேர்வாக எடுத்தது, முதல் சீசனில் அவருக்கு ஒரு கேட்ச்கூட இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. முழங்கால் காயத்தால் கல்லூரியில் 2015 சீசன் முழுவதையும் இழந்தவர், தோள் பிரச்சினையோடு டிராஃப்டுக்கு வந்தவர். ஆனால் கம்பைனில் அணிகளுக்கு நிஜமாகவே வேண்டியது மருத்துவ அறையில் கிடைக்கும் தகவல்தான், கேமராவோ ஓட்டப் பாதையில் நிற்கிறது, ரசிகர்களும் அங்கேயே நின்றுவிடுகிறோம். அதே ஆண்டு, ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்த கூப்பர் கப் 4.62 தான் ஓடினார். ராம்ஸ் அணி மூன்றாம் சுற்றில் 69 ஆவதாக எடுத்தது. 2021 இல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன், மூன்றிலும் லீக்கில் முதலிடம், அப்புறம் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் எம்விபி (சிறந்த வீரர்) விருது. "சின்னக் கல்லூரி, எதிரணிகள் பலவீனம்" என்று அப்போது பேசியவர்களுக்குப் பதில் ஃபிலிமிலேயே இருந்தது: 2015 இல் ஓரிகன் என்ற பெரிய அணிக்கு எதிராகவே 246 யார்டு எடுத்திருந்தார்.

வேகம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வேகத்தைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்பதைப் பேட் போட்ட ஆட்டத்தில் பாருங்கள்.

கல்லூரி எண்களை நம்புவதற்கு முன் மைதானமே வேறு என்பதை நினைவில் வையுங்கள். பந்தை வைக்கும் எல்லையைக் காட்டும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்து ஒரு ஹாஷில் வைக்கப்பட்டால் மறுபக்கம் கல்லூரி ரிசீவருக்குப் பரந்து கிடக்கும், அந்த விசாலம் மேலே கிடைக்காது. ஆர்பிஓ, அதாவது ஓடுவதா வீசுவதா என்று குவாட்டர்பேக் கடைசியில் முடிவெடுக்கும் ஆட்டத்தில், முன்வரிசை லைன்மேன்கள் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னேறலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். அதனால் எதிரணியின் இரண்டாம் வரிசை லைன்பேக்கர் ஓட்டம் என்று நம்பி முன்னால் வந்துவிட, அவன் விட்ட இடத்தில் சும்மா கிடைக்கும் ஸ்லான்ட் (சாய்வாக உள்ளே வெட்டும் ரூட்) கேட்சுகள் கல்லூரியில் ஏராளம். தடுப்பவர்களுக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கொடுக்கும் குட்டி வீச்சான ஸ்கிரீன் பாஸ் தனி. ஆயிரம் யார்டு எடுத்த பையன் என்றால், இவற்றையெல்லாம் கழித்த பிறகு எத்தனை மிஞ்சுகிறது என்று நான் எண்ணிப் பார்ப்பேன். ஓரக்கோட்டில் பந்தைப் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும், என்எஃப்எல்லில் இரண்டும் பட வேண்டும். தேவையில்லாத இடத்திலும் இரண்டாவது காலை இழுத்துப் பதிக்கும் பையனைக் குறித்து வைத்துக்கொள்வேன்.

அணியின் ஆட்டத் திட்டத்தால் வந்த எண் என்று ஒதுக்கிவிடுவதும் ஆபத்து. ஜஸ்டின் ஜெஃபர்சன் 2019 இல் எல்எஸ்யுவுக்கு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு) 111 கேட்ச், 1,540 யார்டு எடுத்தார். பெரும்பாலும் ஸ்லாட்டில் (ஓரத்தில் இல்லாமல் உள்பக்கமாக) நின்றார், பிரெஸ் அதிகம் சந்திக்கவில்லை, வெளியே நிற்க முடியுமா என்ற சந்தேகம் இருந்தது. நியாயமான சந்தேகம்தான். ஆனால் 2018 ஃபிலிமை எடுத்தால் அதில் அதிகமும் வெளியேதான் நிற்கிறார், அங்கேயும் அணியில் அவருக்குத்தான் அதிக யார்டு. 2020 டிராஃப்டில் நான்கு ரிசீவர்கள் போன பிறகு மின்னசோட்டா 22 ஆவதாக எடுத்தது, முதல் ஆண்டிலேயே 1,400 யார்டு. கடைசி சீசனை மட்டும் பார்க்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

எந்த அணிக்குப் போகிறான் என்பதும் உண்டு. டிகே மெட்காஃப் 2019 இல் 228 பவுண்டு எடையோடு 4.33 ஓடினார், மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் சோதனையில் 7.38 என்ற மந்தமான நேரம், கல்லூரியில் கழுத்துக் காயம். இரண்டாம் சுற்றின் கடைசியில், 64 ஆவதாகச் சியாட்டில் எடுத்தது. சட்டென்று திரும்பும் ரூட்டுகளை அவர்மேல் திணிக்காமல், நேராக ஓடவும் உடம்பை வைத்து முட்டிப் பிடிக்கவும் விட்டார்கள், முதல் சீசனிலேயே 900 யார்டு வந்தது. பலவீனம் இருந்ததா என்றால் இருந்தது. அதைச் சுற்றி வேலை வாங்கத் தெரிந்த கோச் கிடைத்தார்.

கடைசியாக, மகனோ தம்பியோ இந்த ஆட்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு. வெட்டி ஒட்டிய வீடியோவுக்குப் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். மோசமாக ஆடிய ஒன்றையும் சேர்த்து, இரண்டு முழு ஆட்டங்களை வெட்டாமல் அனுப்புங்கள். தவறவிட்ட பந்துக்கு அடுத்த ஸ்னாப்பில் பையன் எப்படி வந்து நிற்கிறான் என்று பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பந்து மறுபக்கம் போகும்போது அவன் கார்னரைத் தடுத்துப் பிடித்திருக்கிறானா, இல்லை இடுப்பில் கை வைத்து நிற்கிறானா என்பதும் அதில் தெரியும். அணியில் 53 பேர், ரிசீவருக்கு ஐந்தாறு இடம், ஐந்தாவது ஆளுக்குப் பந்தே வராது, பந்தை எதிரணியிடம் தூர உதைத்துக் கொடுக்கும் பண்ட்டின்போது முதல் ஆளாக ஓடிப்போய் எதிராளியைச் சாய்க்கிறவனுக்குத்தான் அந்த இடம். உங்கள் பையன் அந்த வேலையைச் செய்த ஸ்னாப் ஏதாவது இருந்தால், டச்டவுனுக்கு முன்னால் அதை வையுங்கள்.