வேர்டில் சரியாகத்தான் இருந்தது

தைப்பூசக் காவடி விரதம் பத்து நாள். அது தொடங்கும் முன்பே அழைப்பிதழ் வீடு வீடாகப் போயாக வேண்டும். இந்த வருடம் மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் அச்சகத்துக்கு வந்த மூன்றாவது கோயில் கோப்பிலும் அதே கோளாறு. பிரெஞ்சு வரிகள் சுத்தமாக இருந்தன. தமிழில் ‘கோயில்’ என்ற சொல்லே உடைந்திருந்தது: இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் இல்லை, பின்னால் போய்க் காலோடு ஒட்டிக் கிடந்தது. அச்சுத் தகடு எடுக்கும் முன் என் கண்ணில் பட்டது. மெஷினில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அன்று நான் வராமல் இருந்திருந்தால் 500 பிரதியும் அப்படியே போயிருக்கும்.

போன் செய்தால், “நான் அடித்தபோது சரியாகத்தான் இருந்தது, தம்பி” என்கிறார்கள்.

இருந்திருக்கும், அக்கா. நீங்கள் பார்த்தது வேர்டில். கோப்பில் ‘க’ முதலில், ஓகாரக் குறி அடுத்து என்றுதான் பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. வேர்ட் அதைத் தானாகச் செய்கிறது. இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான கம்போசரை, அதாவது எழுத்தை அடுக்கும் அமைப்பை, தேர்ந்தெடுக்காவிட்டால் நடக்காது. அதில் ஒட்டிய வடிவமைப்பாளருக்கும் தமிழ் தெரியாது. அவருக்கு அது அழகான ஒரு வரி, அவ்வளவுதான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தால் இன்னும் மோசம். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவையே அரைப்புள்ளிகளோடு வெளியே வந்து நிற்கும். எழுத்துரு கோப்போடு சேர்ந்து தானாக வராது. இதை எத்தனை முறை சொல்வது?

தமிழ் வரிகளைச் சரிபார்த்த பிறகு கர்வ் ஆக்கி (எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி), பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். வெட்டும் பக்கமெல்லாம் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்தால், மயிரிழை விலகினாலும் புள்ளி மங்கும், ‘ஞ’வின் சுழி அடைத்துக்கொள்ளும். திரையில் ஒளிரும் காவி நிறம் காகிதத்தில் கொஞ்சம் அடங்கித்தான் வரும், அதற்கு எங்களைத் திட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த முருகன் படம் வேண்டவே வேண்டாம். அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) வீதம் ஏ4 அகலத்துக்கு 2,480 பிக்சல் தேவை. 1,200 பிக்சல் படத்தில் 300 டிபிஐ என்று எண்ணை மட்டும் மாற்றினால் அது பத்து சென்டிமீட்டருக்குத்தான் தாங்கும்.

1998இல் மொரிசியஸின் புது ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியபோது, நோட்டையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாம். நம் கோயில் பத்திரிகையில் கொம்பு இடம் மாறிக் கிடந்தால் மட்டும் விடலாமா? காகிதத்தில் ப்ரூஃப், அதாவது சரிபார்க்கும் மாதிரிப் பிரதி, கேளுங்கள். வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், காவடிக்கு மூன்று வாரம் முன்பாகவே.