ஹிட்லரிலிருந்து தொடங்காத ஒரு பாடம்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர்ப் பாடத்துக்கு வந்துசேரும்போது, ஹிட்லர் என்ற பெயரை மாணவர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்டிப்பான தலைமையாசிரியருக்கு அந்தப் பெயரை அவர்கள் எப்போதோ சூட்டியிருப்பார்கள். பாடம் முடிந்து தேர்வு வைத்தால், வெர்சாய் உடன்படிக்கை முதல் பெர்லின் பதுங்கறைத் தற்கொலை வரை வரிசை பிசகாமல் எழுதுகிறார்கள். கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் ஒருவரின் பெயரைக் கேட்டால், நன்றாகப் படிக்கும் இரண்டொருவர் ஆன் ஃபிராங்க் என்பார்கள். மற்றவர்கள் விழிப்பார்கள். வரலாற்று ஆசிரியராகவும், ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் பேசச் செல்பவர் என்ற முறையிலும் நான் தொடர்ந்து கண்டுவரும் குறை இதுதான். கொன்றவர்களை முழு மனிதர்களாக, பிறப்பு, வளர்ப்பு, பேச்சாற்றல் எல்லாவற்றோடும் அறிமுகப்படுத்திவிட்டு, கொல்லப்பட்டவர்களை ஓர் எண்ணிக்கையாக மட்டும் நாம் விட்டுவிடுகிறோம்.

படங்களின் நிலையும் இதுவே. போலந்தின் தலைநகர் வார்சாவில் கைகளைத் தூக்கியபடி நிற்கும் யூதச் சிறுவனின் படத்தை நம்மில் பலர் இரக்கத்தை எழுப்பக் காட்டுகிறோம். 1943இல் அந்நகரின் யூதர் கிளர்ச்சியை நசுக்கிய, எஸ்.எஸ். எனப்பட்ட நாஜிப் படையின் தளபதி ஸ்ட்ரூப், தம் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய வெற்றி அறிக்கையில் ஒட்டிவைத்த படம் அது. காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்பதைச் சொல்லாமல் காட்டினால், அந்தச் சிறுவனை மாணவர்களும் ஸ்ட்ரூப் தரப்பில் நின்றே பார்ப்பார்கள்.

ஆகவே இந்தப் பாடத்தை நான் ஜெர்மனியில் தொடங்குவதில்லை. 1933இல் ஜெர்மனியில் வாழ்ந்த யூதர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. போருக்கு முந்தைய போலந்திலோ 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். வார்சாவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். அந்த யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் நாளிதழ்கள், நாடகக் குழுக்கள், தொழிற்சங்கங்கள், ஒன்றையொன்று கடுமையாகச் சாடிக்கொண்ட கட்சிகள், பக்திமான்கள், நாத்திகர்கள் என்று விரிந்திருந்த வாழ்க்கை அது. அழிந்தது என்னவென்று தெரியாத மாணவனிடம் அழிவைப் பற்றிப் பேசி என்ன பயன்? இந்த அறிமுகத்துக்கு அரை வகுப்புநேரம் போதும்; மீதியை நான் ஒரு வரலாற்று ஆசிரியருக்கு ஒதுக்குகிறேன்.

அவர் இமானுவேல் ரிங்கல்ப்ளும். வார்சாவில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியொன்றில் வரலாறு கற்பித்தவர். 1940 நவம்பரில் ஜெர்மானியர்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களைக் கெட்டோ எனப்பட்ட அடைப்புப் பகுதிக்குள் தள்ளி, சுற்றுச்சுவரின் வாயில்களை மூடினார்கள். சுமார் மூன்றரை சதுர கிலோமீட்டர் இடம். ஓர் அறைக்குச் சராசரியாக ஏழு பேருக்கு மேல். அதே மாதத்தில் ரிங்கல்ப்ளும் நண்பர்களைத் திரட்டி ஓர் இரகசிய ஆவணக் குழுவைத் தொடங்கினார். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் கூடியதால் 'ஓய்வுநாளின் மகிழ்ச்சி' என்று பொருள்படும் 'ஓய்னெக் ஷபெஸ்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பொருளாதார அறிஞர்கள், மதகுருமார் என ஐம்பது அறுபது பேர் அதில் உழைத்தார்கள். வினாப்பட்டியல் தயாரித்தார்கள், அகதிகளிடம் வாக்குமூலம் பெற்றார்கள், குழந்தைகளைக் கட்டுரை எழுதவைத்தார்கள். உணவுப் பங்கீட்டு அட்டை, டிராம் பயணச்சீட்டு, மிட்டாய் உறை, நாடகச் சுவரொட்டி, ஒரே வீட்டில் நெருங்கி வாழ்ந்த குடும்பங்களில் யாருக்கு எத்தனை முறை அழைப்புமணி அடிக்க வேண்டும் என்று எழுதிய தாள் வரை சேகரித்தார்கள். பசியால் தெருவில் பிணங்கள் கிடந்த ஊரில், வறுத்த வாத்தும் உயர்ரக மதுவும் உண்டு என்று அறிவித்த உணவக விலைப்பட்டியலையும் அவர்கள் எடுத்துவைத்தார்கள். தம் சமூகத்துக்குள் இருந்த ஏற்றத்தாழ்வையும் மறைக்கக் கூடாது என்ற நேர்மை அதில் தெரிகிறது.

கெல்ம்னோ கொலை முகாமில் பிணங்களைப் புதைக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, 1942 ஜனவரியில் தப்பிவந்த ஷ்லாமெக் என்பவரின் வாக்குமூலத்தை எழுதிவைத்தவர்களும் இவர்களே. அந்தத் தகவல் போலந்தின் தலைமறைவு இயக்கத்தின் வழியே லண்டனைச் சென்றடைந்தது. 1942 ஜூலை 22 அன்று கெட்டோவிலிருந்து பெருமளவு நாடுகடத்தல் தொடங்கியது; இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 2,65,000 பேர் திரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். ஆகஸ்டின் முதல் நாட்களில், நோவொலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக் கட்டடத்தின் அடியில் இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்ற ஆசிரியரும் இரண்டு இளைஞர்களும் பத்து உலோகப் பெட்டிகளைப் புதைத்தார்கள். அவற்றோடு தங்கள் உயிலையும் வைத்தார்கள். 'உலகின் காதில் விழும்படி எங்களால் கதறிச் சொல்ல முடியாததை மண்ணுக்குள் புதைத்தோம்' என்று 19 வயது டாவிட் கிராபர் எழுதினார். தம் மனைவியான ஓவியர் கேலா செக்‌ஷ்டைனை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்ட லிக்டென்ஸ்டைன், தம் மகள் மார்கலித்துக்கு இன்று இருபது மாதம் நிறைகிறது, அவளையும் மறந்துவிடக் கூடாது என்று எழுதினார். லிக்டென்ஸ்டைன், கேலா, மார்கலித் மூவரும் பிழைக்கவில்லை. 1944 மார்ச்சில் மறைவிடம் கண்டுபிடிக்கப்பட்டு ரிங்கல்ப்ளும் மனைவி, மகனோடு சுட்டுக்கொல்லப்பட்டார்.

பெட்டிகள் 1946 செப்டம்பரில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து கிடைத்தன. பின்னர் புதைத்த இரண்டு பால் கேன்கள் 1950 டிசம்பரில் கிடைத்தன. மூன்றாவது புதையல் முழுமையாகக் கிடைக்கவே இல்லை. அது புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் இடத்தில் இன்று சீனத் தூதரகம் இருக்கிறது. மீட்கப்பட்டவை வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் உள்ளன. 1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. கேலாவின் நீர்வண்ண ஓவியங்களும் அவற்றில் உண்டு. இதைச் சொல்லி முடித்தபின் வகுப்பில் யாருக்கும் பெயர் தெரியாமல் போவதில்லை.

செய்யக் கூடாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்களில் பாதிப் பேரைக் காவலர்களாகவும் பாதிப் பேரைக் கைதிகளாகவும் நடிக்கவைப்பது சில பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் நடக்கிறது. அது விளையாட்டாகத்தான் முடியும், அல்லது ஏதோவொரு பிள்ளையை உண்மையிலேயே புண்படுத்தும். பிணக்குவியல் படங்களைத் திரையிட்டு அழவைப்பதும் தேவையற்றது. அழுகை அடங்கியபின் மாணவர் கையில் எந்த அறிவும் மிஞ்சுவதில்லை.

காஸாவைப் பற்றியும் முள்ளிவாய்க்காலைப் பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள். அது பாடத்தில் இல்லை என்று வாயடைக்கும் ஆசிரியர், அந்தக் கேள்வியை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவைக்கிறார் என்று பொருள். தனியாக ஒரு வகுப்புநேரம் ஒதுக்கி, ஒவ்வொரு நிகழ்வையும் அதற்குரிய காலம், இடம், சான்றுகளோடு பேசுவதே என் வழக்கம். எந்த இனத்தின் துயரம் பெரிது என்ற பட்டிமன்றத்துக்கு மட்டும் நான் இடம் தருவதில்லை. ஒரு நாட்டின் அரசு இன்று செய்வதற்காக, 1942இல் ரயிலேற்றப்பட்ட குழந்தையின் மரணத்தைக் குறைத்துப் பேசுவதும், அந்த மரணத்தைக் காட்டி இன்று எழும் கேள்விகளைத் தடுப்பதும் ஒரே வகைத் தவறுகள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பொதுத்தேர்வில் 'ஹிட்லரின் எழுச்சிக்கான காரணங்களை விவரி' என்ற வினா தொடர்ந்து வரத்தான் போகிறது. அதற்கும் தயார்செய்யத்தான் வேண்டும். என் வகுப்புத் தேர்வில் மட்டும் கூடுதலாக ஒரு வினா வைக்கிறேன். அழைப்புமணித் தாளைப் பற்றிய விவரத்தைக் கொடுத்து, இதை வைத்து அந்த வீட்டைப் பற்றி என்னென்ன உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று கேட்பேன். விடைக்குறிப்பு கிடையாது என்பதால் திருத்துவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.