கழுத்தில் ஓர் ஆண்டு, வயிற்றில் ஓர் ஆண்டு

புதுச்சேரி வைசியாள் வீதியில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து சென்ற ஆண்டு இறக்கப்பட்ட ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டார் ஒன்றைப் பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்திருந்தார்கள். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது படைவீரராக இருந்த பெரியவர் ஒருவர் விடுப்பில் வந்தபோது கொண்டுவந்தது அது. அதை அவர் 1966இல் வாங்கினார் என்பது அந்த வீட்டாரின் உறுதியான நம்பிக்கை. பழைய மின்கிட்டார் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை எப்படிக் கணிக்கிறார்கள் என்று விளக்க எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இதுவரை அகப்பட்டதில்லை.

பார்ப்பவர் கண் முதலில் செல்வது வரிசை எண்ணுக்குத்தான். சில தயாரிப்பாளர்களிடம் அந்த ஒன்றே போதும். கிப்சன் நிறுவனம் 1977 முதல் பயன்படுத்திய எட்டு இலக்க எண்ணில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் ஆண்டையும், இடையிலுள்ள மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். 82763501 என்றிருந்தால் 1983ஆம் ஆண்டின் 276ஆம் நாள், அதாவது அக்டோபர் 3. எழுபதுகளின் பிற்பகுதியில் ஜப்பானில் செய்யப்பட்ட ஐபனேஸ் கிட்டார்களில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. ஆனால் அதே கிப்சன் அறுபதுகளில் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பொறித்திருக்கிறது. எண்ணை மட்டும் நம்பி விலை பேசியவர்கள் ஏமாந்தது இதனால்தான்.

ஃபெண்டரின் நிலை வேறு. 1954 முதல் 1976 வரை அதன் வரிசை எண் பெரும்பாலும், கழுத்தை உடலோடு பிணைக்கும் திருகாணிகளுக்கு அடியிலுள்ள உலோகத் தகட்டில் இருக்கும். தகடுகளில் எண் வரிசையாகத்தான் பொறிக்கப்பட்டது. ஆனால் அவை ஒரு பெட்டியில் குவித்து வைக்கப்பட்டு, தொழிலாளியின் கைக்கு எது வந்ததோ அது பொருத்தப்பட்டது. ஆகவே தகட்டு எண் சில ஆண்டுகள் அகலமுள்ள ஒரு காலப்பகுதியைக் காட்டுமே தவிர, ஓர் ஆண்டைச் சுட்டாது. வைசியாள் வீதிக் கிட்டாரின் தகட்டில் பெரிய ‘எஃப்’ எழுத்தும், 2இல் தொடங்கும் ஆறு இலக்க எண்ணும் இருந்தன. அறுபதுகளின் பிற்பகுதி என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் சொல்ல இயலவில்லை.

அடுத்து, தந்திகளைத் தளர்த்திவிட்டு, முன்பக்க நெகிழித் தகட்டைக் கழற்றித் திருப்பினேன். ஒலியளவையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் மூன்று பொட்டென்ஷியோமீட்டர்களின் தகர உறையில் 1376612 என்ற எண் அச்சாகியிருந்தது. அமெரிக்க மின்னணுத் தொழிலில் ஒவ்வொரு உற்பத்தியாளருக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அதன்பின் வருவது ஆண்டு, கடைசி இரண்டு இலக்கங்கள் வாரம். அப்படியானால் இவை 1966ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில், அதாவது மார்ச் மாதத்தில் செய்யப்பட்டவை. அருகில் நின்ற வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. குடும்பத்தார் சொன்ன ஆண்டும் உறையிலிருந்த ஆண்டும் ஒன்றாகிவிட்டன அல்லவா?

ஆனால் அந்த எண் சொல்வது உதிரிப்பாகம் பிறந்த நாளை. கிட்டார் பிறந்த நாளை அன்று. 1966இல் ஃபெண்டர் பொட்டென்ஷியோமீட்டர்களைப் பெருமளவில் வாங்கிக் குவித்தது. 1969 வாக்கில் செய்யப்பட்ட கிட்டார்களில்கூட அந்த 66ஆம் ஆண்டுச் சரக்கு காணப்படுகிறது. ஒரு கிட்டார் தன்னிடமுள்ள அசல் பாகங்களில் மிகப் புதியதைவிடப் பழையதாக இருக்க முடியாது. எனவே தேட வேண்டியது மிகப் புதிய அசல் பாகத்தை.

அதற்குக் கழுத்தைக் கழற்றியே ஆக வேண்டியிருந்தது. கடற்கரை ஊரில் அரை நூற்றாண்டு கிடந்த திருகாணிகள் உப்புக்காற்றில் துருவேறி மரத்தோடு இறுகியிருந்தன. இத்தகைய இடத்தில் பலத்தைக் காட்டினால் திருகாணியின் தலை தேயும், அல்லது கழுத்தே முறியும். சூடான பற்றவைப்புக் கோலின் நுனியைத் திருகாணித் தலையில் சற்று நேரம் வைத்தால், உலோகம் விரிந்து துருவின் பிடி விடும். நான்கையும் அவ்வாறே எடுத்தோம். கழுத்தின் அடிக்கட்டையில் மை முத்திரை தெளிவாகத் தெரிந்தது: 22 மார்ச் 68 பி.

இதை 1968 மார்ச் 22 என்று படிப்பது மிகப் பரவலான பிழை. 22 என்பது தேதி அன்று. அக்காலத்தில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கழுத்துக்கு வழங்கிய மாதிரிக் குறியீடு. கடைசி எழுத்து ‘பி’, தந்திகள் தலைப்பகுதிக்கு ஏறும் இடத்தில் கழுத்தின் அகலம் ஏறத்தாழ 41 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. ஆக, மாதமும் ஆண்டும் மட்டுமே உறுதி. ஆரோவில் தொடங்கப்பட்ட பிப்ரவரிக்கு அடுத்த மாதம்.

பின்னாளில் யாரேனும் கழுத்தை மாற்றியிருந்தால்? இங்கே அந்தத் துருவே நமக்கு உதவியது. துளைகளின் ஓரத்தில் படிந்த துருக்கறை திருகாணியின் மரைகளோடு அப்படியே பொருந்தியது. இரண்டாவது துளைகளோ அடைத்த துளைகளோ இல்லை. உலோகத் தகட்டின் விளிம்பு உடலின் மெருகில் ஒரே ஒரு தடத்தையே பதித்திருந்தது. உள்ளே மின்கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டிய இடங்களும் மங்கிய சாம்பல் நிறத்தில், மறுபடி சூடு படாமல் இருந்தன. கம்பியைப் பிரித்து ஒட்டியிருந்தால் புது ஈயத்தின் பளபளப்போ, கருகிய பிசினோ அங்கே தெரிந்திருக்கும்.

இறுதியாக, கள்ளநோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புறஊதா விளக்கை ஓர் இருட்டறையில் அதன்மேல் பிடித்தோம். பழைய நைட்ரோசெல்லுலோஸ் மெருகு புறஊதாக் கதிரை உறிஞ்சி, அதை மஞ்சள் கலந்த பச்சை ஒளியாக வெளிவிடும். பாலியெஸ்டர் மெருகு அவ்வாறு ஒளிர்வதில்லை. 1968 வாக்கில் ஃபெண்டர் பாலியெஸ்டருக்கு மாறியபோது, நிறுவனத்தின் பெயர் ஒட்டுப்படத்தை அது கெடுத்ததால், தலைப்பகுதியின் முகத்துக்கு மட்டும் பழைய மெருகையே தொடர்ந்தது. இந்தக் கிட்டாரிலும் தலையின் முகம் மட்டுமே ஒளிர்ந்தது. மற்ற பகுதி இருண்டே கிடந்தது. மாற்றம் நடந்த காலத்துக்கும் கழுத்து முத்திரைக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது.

வீட்டுக்காரருக்குச் சிறிது வருத்தம்தான். ஒலியளவுத் திருகைத் திருப்பினால் கரகரவென்று இரைகிறது, புதிதாக மாற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். தூய்மைப்படுத்தும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, பலமுறை திருப்பித் திருப்பிவிட்டதும் இரைச்சல் அடங்கியது. 1376612 தன் இடத்திலேயே இருக்கிறது.